குழந்தைக்கு அறுவை சிகிச்சை: எதற்குக் காத்திருக்கலாம், எதற்குக் கூடாது

ஆந்திர எல்லையில் உள்ள நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு விசித்திரம் உண்டு. தொப்புள் புடைத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வேலூருக்கு ஓடுவார்கள். பச்சையாக வாந்தியெடுக்கும் குழந்தைக்கு ஓமத் தண்ணீரைப் புகட்டிவிட்டு, விடியட்டும் பார்க்கலாம் என்று இருப்பார்கள். செய்ய வேண்டியது நேர்மாறு.

தொப்புள் புடைப்பு பெரும்பாலும் நான்கைந்து வயதுக்குள் தானாக மூடிக்கொள்ளும். அதன்மேல் நாணயத்தை வைத்துக் கட்டுவதால் தோல் புண்ணாவதைத் தவிர ஒன்றும் நடக்காது. தொடை இடுக்கில் வரும் வீக்கம் அப்படியல்ல. அழும்போது புடைத்து, தூங்கும்போது மறைந்தால் அது குடலிறக்கமாக இருக்கலாம். பெண் குழந்தைகளுக்கும் வரும். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு அதிகம் வரும். இது தானாகச் சரியாவதில்லை. முதல் வயதில் குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து கூடுதல். வீக்கம் உள்ளே போகாமல் கல்லாக நின்று, குழந்தை வீறிட்டு அழுது வாந்தியும் எடுத்தால் அன்றிரவே கிளம்ப வேண்டும். விரைப்பையில் நீர் கோத்திருப்பது வேறு. அது ஒன்றிரண்டு வயதுக்குள் பெரும்பாலும் வற்றிவிடும். இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். பக்கத்து வீட்டு அத்தை அல்ல.

விரை கீழே இறங்காத பையனுக்கு, “பெரியவனானால் இறங்கிவிடும்” என்று ஆறுதல் சொல்வது இன்னொரு வழக்கம். ஆறு மாதத்துக்குள் இறங்காதது அதற்குப் பிறகு இறங்குவது அரிது. ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சையை முடித்துவிடுவது நல்லது.

வயிற்றுவலி வந்தாலே ‘குடலேற்றம்’ என்று விளக்கெண்ணெய் தடவி வயிற்றை உருவிவிடும் கைகள் நம் ஊர்களில் நிறைய. கைக்குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு, காலை மடக்கி, இடையில் துவண்டு கிடந்தால், ஒரு குடல் இன்னொன்றுக்குள் செருகிக்கொண்டிருக்கக்கூடும். ஐந்து முதல் ஒன்பது மாதக் குழந்தைகளிடம் இது அதிகம். சீக்கிரம் போனால் பல குழந்தைகளுக்குக் கத்தியே தேவைப்படாது. ஆசனவாய் வழியாகக் காற்றைச் செலுத்திக் குடலை விடுவித்துவிடுவார்கள். மலத்தில் ரத்தமும் சளியும் கலந்து வரும்வரை உருவிக்கொண்டிருந்தால், குடலின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கும் நிலைகூட வரலாம். பிறந்த குழந்தை பச்சை நிறத்தில் வாந்தியெடுத்தாலும், முதல் நாள் கருமலம் போகாவிட்டாலும் கைவைத்தியத்துக்கு இடமே இல்லை.

சிறுநீர்த் துளை கீழ்ப்பக்கம் இருக்கும் ஆண் குழந்தைக்கு சுன்னத் செய்துவிடாதீர்கள். துளையைச் சரிசெய்ய அந்தத் தோல்தான் தேவைப்படும்.

உதடு பிளந்து பிறந்தால் கிரகணத்தைச் சொல்லி மருமகளைக் குற்றவாளியாக்குவது எனக்குக் கோபம் வரவழைக்கும் பேச்சு. கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முதல் வேலை, குழந்தையை நிமிர்த்திப் பிடித்துப் பால் கொடுத்து எடையைத் தேற்றுவது. உதட்டை மூன்று முதல் ஆறு மாதத்திலும், வாயின் மேற்கூரையான அண்ணத்தில் உள்ள பிளவை ஒன்றரை வயதுக்குள்ளும் சரிசெய்வார்கள். அண்ணத்தைச் சரிசெய்யாமல் தள்ளிப்போட்டால் பேச்சு மூக்கால் வர ஆரம்பித்துவிடும். வளைந்த பாதத்துக்கு வாராவாரம் மாவுக்கட்டு மாற்றுவார்கள். கால் நேரானதும் தரும் கம்பி இணைத்த காலணியைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள் பெற்றோர். நான்கைந்து வயதுவரை இரவில் அதைப் போடாவிட்டால் பாதம் மறுபடி வளையும்.

புத்தூர்க் கட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பக்கத்தில் எலும்பைப் பற்றிப் பேச முடியாது. அதன் மேல் உள்ள நம்பிக்கை பழையது. அதை நான் பரிகசிக்கவில்லை. ஆனால் மாமரத்திலிருந்து விழுந்து முழங்கைக்கு மேல் எலும்பு உடைந்த பிள்ளைக்கு முதலில் எக்ஸ்ரே வேண்டும். அந்த இடத்தில் ரத்தக்குழாயும் நரம்பும் எலும்பை ஒட்டி ஓடுகின்றன. வீங்கும் கையை இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, சில மணி நேரத்திலேயே தசை செத்துவிடும். விரல்கள் ஆயுளுக்கும் மடங்கியே நின்றுவிடும். எங்கே கட்டியிருந்தாலும் சரி, விரல் வெளுத்தாலோ மரத்தாலோ, நீட்டிவிடும்போது பிள்ளை அலறினாலோ கட்டை உடனே தளர்த்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்த பிறகும் ஒரு தவறு நடக்கும். “பச்சைப் பிள்ளை பசி தாங்குமா” என்று பாட்டி ஒரு சங்கு பசும்பால் புகட்டிவிடுவார். மயக்கத்தில் அந்தப் பால் நுரையீரலுக்குள் போகலாம். தாய்ப்பால் என்றால் நான்கு மணி நேரம், மற்ற பாலும் சோறும் என்றால் ஆறு மணி நேரம் வயிறு காலியாக இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. கொடுத்துவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், திட்டுவார்கள், அவ்வளவுதான்.

எல்லைக்கே உரிய சிக்கல் அட்டை. பிரசவம் திருத்தணியில் தாய்வீட்டில் நடக்கும், குடும்ப அட்டை நகரியில் இருக்கும், குழந்தையின் பெயர் எதிலும் ஏறியிருக்காது. அரசு மருத்துவக் காப்பீடுகளான ஆந்திரத்தின் என்.டி.ஆர். வைத்திய சேவையும் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடும் அந்தந்த மாநிலக் குடும்பங்களுக்கானவை. தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சை என்றால், உங்கள் அட்டை அந்த மருத்துவமனையில் செல்லுமா என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் குழந்தைகள் நலப் பரிசோதனைக் குழுவிடம் பிள்ளையைக் காட்டினால் அவர்களே பரிந்துரைச் சீட்டு எழுதித் தருவார்கள். பச்சை வாந்திக்கும் சிக்கிய குடலிறக்கத்துக்கும் அட்டையைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். திருப்பதி ரூயா அரசு மருத்துவமனையோ வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ, எது கிட்டமோ அங்கே போங்கள்.