காய் நறுக்கும் பலகைக்கு எண்ணெய் ஊட்டுவது எப்படி?

எங்கள் வீட்டுப் பலகை புளியமரம். கறிக்கடைக் கட்டைக்குத் தேடும் அதே மரம்; வெட்டு தாங்கும். புதுப் பலகையை முதலில் 120, அடுத்து 220 எண் உப்புத்தாளால், மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். பிறகு ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். படுத்திருந்த நார்கள் எழுந்து, தடவினால் பூனை நாக்குப் போல உரசும். மறுபடி 220. இதை விட்டுவிட்டால் முதல் கழுவலிலேயே பலகை சொரசொரத்துவிடும்.

நல்லெண்ணெய், கடலையெண்ணெய் கூடவே கூடாது. நான் நல்லெண்ணெய் பூசிய பலகையில் இரண்டே மாதத்தில் சிக்கு வாடை. நறுக்கிய வெள்ளரியிலும் அது ஏறியது. மருந்துக்கடையில் கிடைக்கும், உட்கொள்ளும் தரத்துப் பாரஃபின் திரவம் கெடாது. தாராளமாகப் பூசி இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் மிச்சத்தைத் துடையுங்கள். இரண்டு முனைகளுக்கும் கூடுதலாக ஊற்றுங்கள். மரம் அங்கேதான் மடமடவென்று குடிக்கும்.

கழுவியதும் படுக்க வைக்காமல் சுவரோரம் நிறுத்துங்கள். வெயிலில் போட்டால் வெடிக்கும். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக நிற்காமல் உள்ளே இறங்குகிறதா? மறுபடி எண்ணெய் ஊட்டும் நாள் அதுதான்.