நோயுற்ற மரத்தைக் காப்பதா, அகற்றுவதா? முடிவெடுக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரப் பராமரிப்பைப் புதிதாகக் கற்க வருபவர்கள், தொடக்கக் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளைத் திரும்பவும் செய்வதைப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். பட்டையில் ஆணி அடிப்பது, தூரில் குப்பையைக் கொளுத்துவது போன்றவற்றின் தீமையை எல்லோரும் அறிவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பொந்தைச் சிமெண்டால் அடைப்பது

இன்றும் என்னைக் கோபப்படுத்தும் தவறு இதுதான். பொந்தைக் கண்டதும் உள்ளிருக்கும் சிதைந்த கட்டையை உளியால் நல்ல கட்டை தெரியும்வரை சுரண்டி எடுத்து, சிமெண்டைக் கொட்டி மேலே பூசிவிட்டு, மரத்துக்கு மருத்துவம் செய்துவிட்டதாக நம்புகிறார்கள். மரம் அழிந்த திசுவைப் புதுப்பித்துக்கொள்வதில்லை. சிதைவைச் சுற்றித் தடுப்புச் சுவர் ஒன்றை எழுப்பி, அதற்கு வெளியே புதிய கட்டையை வளர்த்துக்கொள்கிறது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ, மரங்களை நீளவாக்கில் அறுத்து ஆராய்ந்து 1970களில் விளக்கியது இதைத்தான். உளி அந்தச் சுவரை உடைக்கிறது. அதுவரை உள்ளே அடங்கியிருந்த பூஞ்சை நல்ல கட்டைக்குள் நுழைகிறது. காற்றில் மரம் வளையும், சிமெண்ட் வளையாது. இரண்டுக்கும் இடையே விழும் இடைவெளியில் ஈரம் தங்கி, சிதைவு மேலும் பரவுகிறது.

இதைவிடப் பெரிய கேடு, எடுத்திருக்க வேண்டிய முடிவு மறைக்கப்படுவது. முன்பொரு காலத்தில் யாரோ அடைத்துப் பூசிய பெரிய மரம் ஒன்றைப் பார்க்க அழைத்திருந்தார்கள். இலைகள் செழித்திருந்ததால் உரிமையாளர் அச்சமின்றி இருந்தார். ஆனால் சுத்தியலால் தட்டினால் பொந்து இருந்த பக்கம் கெட்டியாகவே ஒலித்தது. கம்பியை உள்ளே செலுத்தி ஆழம் பார்க்கவும் வழியில்லை. மற்றொரு பக்கத்தில் மெல்லிய துளையிட்டபோதுதான் பட்டைக்குள்ளே விரலளவுகூட நல்ல கட்டை மிஞ்சவில்லை என்பது தெரிந்தது. அகற்றும்போது அறுவை இயந்திரத்தின் சங்கிலி சிமெண்டில் பட்டு அறுந்தது; அருகில் நின்றவர்கள் மீது அது படாமல் போனது நல்லூழ்.

பொந்து இருப்பதனாலேயே மரத்தை வெட்ட வேண்டியதில்லை. நடுவிலுள்ள வைரம், அதாவது முற்றிய உட்கட்டை, உயிரற்ற பகுதி. நீரைக் கொண்டு செல்வது அதற்கு வெளியே உள்ள இளங்கட்டை. எஞ்சிய சுவரின் தடிமன் தண்டின் ஆரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது தொழிலில் வழங்கும் தோராயக் கணக்கு. 90 சென்டிமீட்டர் விட்டமுள்ள தண்டுக்கு அது 15 சென்டிமீட்டர். பொந்தின் வாய் அகலமாகத் திறந்திருந்தாலோ, சிதைவு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தாலோ இந்தக் கணக்கை நம்பக் கூடாது.

இலையை மட்டும் பார்த்து முடிவெடுப்பது

தாங்குவேர்கள் அழுகிய மரமும் சில காலம் பசுமையாகவே நிற்கும். தூரைச் சுற்றி மண்ணை விலக்கிப் பாருங்கள். அங்கே தட்டுத் தட்டாகக் கடினமான காளான் முளைத்திருந்தால், மேலே எவ்வளவு தழை இருந்தாலும் வேரின் உறுதியைச் சோதிக்காமல் காப்பாற்றலாம் என்று சொல்லாதீர்கள். இதற்கு நேர்மாறாக, இலைகளைப் பூச்சி முழுவதும் தின்றுவிட்ட மரம் பெரும்பாலும் மீண்டும் தளிர்க்கும். சிறு கிளையில் பட்டையைச் சுரண்டினால் பச்சை தெரிகிறதா என்று பார்த்துவிட்டுக் காத்திருக்கலாம்.

சாய்வு

பிறந்தது முதல் சாய்ந்து, பிறகு நுனி நிமிர்ந்து வளர்ந்த மரம் வேறு. அண்மையில் சாய்ந்து, எதிர்ப்பக்கத்தில் மண் வெடித்து எழும்பிய மரம் வேறு. இரண்டாவதற்கு மருந்து கிடையாது.

நலிந்த மரத்துக்கு உரம்

வைக்காதீர்கள்.

உச்சியை வெட்டிக் குறைப்பது

இது சிகிச்சையும் அன்று, அகற்றலும் அன்று.

மரத்தடியில் என்ன இருக்கிறது என்று பாராதது

பலவீனமான மரம் ஆளற்ற வெளியில் நிற்பதும், குழந்தைகள் விளையாடும் இடத்தில் நிற்பதும் ஒன்றல்ல. ஆபத்தான கிளையை மட்டும் நீக்கவும், நடைபாதையையோ இருக்கையையோ தள்ளி அமைக்கவும் இயலுமா என்று முதலில் கேளுங்கள். இயலாதபோது, மீண்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று நாள் குறிக்காமல், அன்றே தூரைச் சுற்றி வேலி கட்டி ஆட்களை விலக்கிவிட்டு அகற்றும் வேலையைத் தொடங்குங்கள். வேரழுகலால் அகற்றிய மரமானால் அடிக்கட்டையையும் தோண்டி எடுத்துவிடுங்கள். பூஞ்சை அதிலேயே தங்கி, அடுத்து நடும் கன்றைப் பிடிக்கும்.