கன்யாடா ரோட்டில் ஞாயிறு சைக்கிள்: முதல் தடவை போகிறவர்களுக்கு

சைக்கிளைத் தொட்டே பதினைந்து இருபது வருடம் ஆகிவிட்டது, இந்த ஊரில் கார்களுக்கு நடுவே ஓட்டப் பயமாக இருக்கிறது என்று சொல்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இருந்தால் உங்களுக்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது. சான் மட்டேயோ கவுண்டியில் கன்யாடா ரோடு என்று ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணியிலிருந்து மதியம் 3 மணி வரை அதன் ஒரு பகுதியைக் கார்களுக்கு மூடிவிடுகிறார்கள். ஃபிலோலி தோட்டத்தில் தொடங்கி ஹைவே 92 வரை, 3.8 மைல். போய்த் திரும்பினால் ஏறக்குறைய 12 கிலோமீட்டர். மேற்கே ஏரியும் காடு மூடிய மலையும். கிழக்கே புல்மேடு, அதற்கப்பால் 280 ஹைவே. கவுண்டி பூங்காத் துறை இதற்கு வைத்திருக்கும் பெயர் பைசிக்கிள் சண்டே. கட்டணம் கிடையாது.

நான் இதை என் அம்மாவோடு போய்க் கற்றுக்கொண்டேன். அம்மா புதுக்கோட்டைக்காரர். 1990-களின் தொடக்கத்தில் அந்த மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் ஆயிரக்கணக்கான பெண்களைச் சைக்கிளில் ஏற்றியதே, அப்போது ஓட்டப் பழகியவர். அப்புறம் ஸ்கூட்டர் வந்தது, சைக்கிள் போய்விட்டது. இங்கே எங்களோடு ஆறு மாதம் இருக்க வந்தபோது, "எனக்கு ஓட்டத் தெரியும்டா, இந்தக் கார்தான் பயம்" என்றார். அவரோடு போனதால்தான் முதல் தடவை வருகிறவருக்கு எதெல்லாம் தடுக்கும் என்று எனக்குத் தெரிந்தது.

படி 1: எந்த ஞாயிறு என்று பாருங்கள்

மழை பெய்தால் நடத்த மாட்டார்கள். சில விடுமுறை நாட்களிலும் இருக்காது. அதனால் கிளம்புவதற்கு முன் கவுண்டி பூங்காத் துறையின் பக்கத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பெயரைச் சரியாகச் சொல்வதும் முக்கியம். ஆங்கிலத்தில் கனடா நாட்டைப் போலவே எழுத்து இருக்கும். ஆனால் இது ஸ்பானிய வார்த்தை, பள்ளத்தாக்கு என்று பொருள், சொல்வது கன்யாடா. வழிகாட்டி செயலியில் ஃபிலோலி என்று தேடுவதுதான் சுலபம்.

எந்த மாதம் நல்லது என்று கேட்டால், என் ஓட்டு மார்ச், ஏப்ரலுக்கு. மழைக்காலம் முடிந்து மேடெல்லாம் பச்சையாக இருக்கும். கோடையில் அதே புல் காய்ந்து வைக்கோல் நிறமாகிவிடும், அதுவும் அழகுதான். ஆனால் கோடைக் காலையில் கடல் பக்கத்துப் பனிமூட்டம் மலை முகட்டைத் தாண்டி வழிந்து வரும். ஜூலைதானே என்று அரைக்கைச் சட்டையோடு போனால் குளிரும். ஒரு மெல்லிய ஜாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: சனிக்கிழமையே சைக்கிளைத் தயார் செய்யுங்கள்

நான் இதைச் செய்யாமல் போனேன். கராஜில் ஒரு வருடம் நின்ற சைக்கிளை அப்படியே தூக்கிப் போட்டுக்கொண்டு போய், பாதிக் காற்றுள்ள டயரோடு அம்மாவை மிதிக்கவிட்டேன். கால் மைலில் மூச்சு வாங்கியது. வயதாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். வயது இல்லை, காற்று.

டயரின் பக்கவாட்டில் எவ்வளவு காற்று பிடிக்கும் என்று எண் போட்டிருக்கும். அந்த அளவுக்குள் அடியுங்கள். டியூபின் வாய் கார் டயரில் இருப்பதைப் போலத் தடிமனாக இருந்தால் சாதாரண பம்ப் போதும். பென்சில் போல ஒல்லியாக இருந்தால், நுனியில் இருக்கும் சின்னத் திருகைத் தளர்த்திவிட்டுத்தான் காற்று அடிக்க முடியும். அடித்ததும் திரும்ப இறுக்குங்கள். செயின் துருப்பிடித்துக் கிறீச்சிட்டால் செயின் எண்ணெய் சில சொட்டு விட்டு, மிதியைப் பின்னால் சுற்றி, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள்.

அடுத்து பிரேக். நம்மூர்க்காரர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஊரில் வலது கைப் பிரேக் முன்சக்கரத்துக்கு, இடது கை பின்சக்கரத்துக்கு. அமெரிக்காவில் விற்கும் சைக்கிளில் இது தலைகீழ்: இடது கைதான் முன்சக்கரம். அம்மா பழக்கத்தில் இடது பிரேக்கை மட்டும் இறுக்கிப் பிடித்தார். முன்சக்கரம் சட்டென்று நின்று, உடம்பு முன்னால் தள்ளியது. மெதுவாகப் போனதால் காலை ஊன்றிவிட்டார், விழவில்லை. வேகத்தில் போயிருந்தால் தலைகுப்புற விழுந்திருப்பார். அதனால் வீட்டிலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து, ஒவ்வொரு பிரேக்காகப் பிடித்து எது எந்தச் சக்கரம் என்று பாருங்கள். ஓட்டும்போது இரண்டையும் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்துங்கள்.

சீட் உயரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சீட்டில் உட்கார்ந்து, கீழே இருக்கும் மிதியில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அந்த உயரத்தில் ஓட்டினால் முட்டி வலிக்காது. ஆனால் பயத்தோடு வருகிறவரை முதலிலேயே அந்த உயரத்தில் உட்கார வைக்காதீர்கள். இரண்டு பாதமும் தரையில் படும்படி இறக்கி வையுங்கள். பழகப் பழக ஒவ்வொரு அங்குலமாக ஏற்றலாம். அதற்கு ஆலன் கீ (சீட் திருகைத் தளர்த்தும் ஆறுபட்டைச் சாவி) ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட் எல்லோருக்கும் வேண்டும். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கலிஃபோர்னியாவில் அது சட்டம். புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளியில், நெற்றியை மூடி உட்கார வேண்டும். பின்னால் சரித்துப் போட்டால் விழும்போது பயன்படாது. இரண்டு காதிலும் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டுவதும் இங்கே சட்டப்படி கூடாது.

படி 3: போய்ச் சேருவது

280 ஹைவேயில் எட்ஜ்வுட் ரோடு வெளிவழியில் இறங்கி மேற்கே திரும்பினால், அந்த ரோடு கன்யாடா ரோட்டில் போய் முட்டும். அங்கே வலப்பக்கம் திரும்பி ஒரு மைலுக்கு மேல் போனால் ஃபிலோலி. அதன் உள்ளே இருக்கும் பார்க்கிங் தோட்டம் பார்க்க வருகிறவர்களுக்கானது, அங்கே விடாதீர்கள். எட்ஜ்வுட் முனைக்குப் பக்கத்தில் ரோட்டோரம் இடம் இருக்கும். பலகையைப் படித்துவிட்டு விடுங்கள். ஆனால் அங்கேயிருந்து, ஃபிலோலி பக்கம் கார்களை நிறுத்த வைத்திருக்கும் தடுப்பு வரைக்கும் கார் ஓடும் ரோடு. புதிதாக ஓட்டுகிறவர் அந்தத் தூரத்தை ஓரமாகத் தள்ளிக்கொண்டு நடக்கட்டும். அல்லது அவரையும் சைக்கிளையும் தடுப்புக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டு நீங்கள் காரை நிறுத்திவிட்டு வாருங்கள். ஹேவர்ட் பக்கமிருந்து சான் மட்டேயோ பாலம் தாண்டி வருகிறவர்களுக்கு 92 முனை கிட்டே.

புதியவர்களுக்கு நான் ஃபிலோலி இருக்கும் தெற்கு முனையைத்தான் சொல்வேன். கோடையில் மதியம் ஆக ஆகக் கடல் காற்று வடமேற்கிலிருந்து பலமாக வீசும். தெற்கே தொடங்கினால் போகும்போது, உடம்பில் தெம்பு இருக்கும்போதே, எதிர்காற்றை முடித்துவிடலாம். களைத்துத் திரும்பும்போது காற்றே முதுகில் கை வைத்துத் தள்ளும்.

படி 4: முதல் பத்து நிமிடம்

உடனே கிளம்பாதீர்கள். தடுப்பைத் தாண்டியதும் ஓரமாக, தட்டையான இடம் ஒன்றைப் பாருங்கள். ரொம்ப நாள் விட்டவராக இருந்தால் முதலில் மிதிக்கவே வேண்டாம். சீட்டில் உட்கார்ந்து, இரண்டு காலாலும் தரையை உந்தி உந்திப் போகட்டும். வேகம் வந்ததும் இரண்டு காலையும் தூக்கி உருளட்டும். ஐந்தாறு தடவையில் உடம்புக்குப் பழைய சமன் நினைவு வந்துவிடும். பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள்; பிடிக்கிறவர் எப்போது விடுவாரோ என்பதே ஓட்டுகிறவருக்குப் பெரிய பயம்.

பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். குழியையே பார்த்தால் சைக்கிள் குழிக்குத்தான் போகும். நிறுத்திப் பழகுங்கள், பத்துத் தடவை நிறுத்துங்கள். நிறுத்தத் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

படி 5: வலப்பக்கம், எப்போதும் வலப்பக்கம்

கார் இல்லை என்பதால் ரோடு முழுவதும் நம்முடையது என்று தோன்றும். அப்படி இல்லை. நடப்பவர்கள், ஓடுபவர்கள், ஸ்கேட்டிங் பழகும் குழந்தைகள் எல்லோரும் இருப்பார்கள். பந்தய சைக்கிள்காரர்கள் கூட்டமாக, ஒருவர் சக்கரத்துக்கு ஒருவர் ஒரு முழ இடைவெளியில், அம்பு மாதிரி வருவார்கள். அவர்கள் முந்தும்போது "ஆன் யுவர் லெஃப்ட்" என்று குரல் கொடுப்பார்கள். உங்கள் இடப்பக்கமாக வருகிறேன் என்று அர்த்தம். அந்தக் குரல் கேட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எதுவும் செய்யாமல் நேராகப் போய்க்கொண்டிருங்கள். நம்மூர்ப் பழக்கத்தில், சத்தம் கேட்டதும் இடப்பக்கம் ஒதுங்கத் தோன்றும். ஒதுங்கினால் அவர்கள் மேலேயே போய் விழுவீர்கள். அம்மாவுக்கு இதைக் காரிலேயே நான்கைந்து தடவை சொல்லிக்கொண்டு போனேன்.

படம் எடுக்க வேண்டுமா, தண்ணீர் குடிக்க வேண்டுமா, ரோட்டைவிட்டு முழுவதும் இறங்கி நில்லுங்கள். ஆனால் புதருக்குள் போகாதீர்கள். பளபளப்பாக மூன்று மூன்று இலையாக இருக்கும் பாய்சன் ஓக் இந்தப் பக்கம் நிறைய. பட்டால் வாரக்கணக்கில் அரிப்பு.

படி 6: ஏற்ற இறக்கமும் கியரும்

ரோடு முழுத் தட்டையாக இருக்காது. மெதுவாக ஏறி இறங்கும், செங்குத்து எங்கும் இல்லை. ஏற்றம் வரப்போகிறது என்று தெரிந்ததும், ஏறத் தொடங்கும் முன்பே லேசான கியருக்கு மாற்றுங்கள். பாதி ஏற்றத்தில், முழு பலத்தோடு அழுத்திக்கொண்டே மாற்றினால் செயின் கழன்றுவிடும். மிதித்துக்கொண்டேதான் மாற்ற வேண்டும், ஆனால் அந்த நொடி அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். ஒன்றும் புரியவில்லை என்றால் நடுக் கியரில் விட்டுவிடுங்கள், இந்த ரோட்டுக்கு அது போதும். முடியாத இடத்தில் இறங்கித் தள்ளுங்கள்.

படி 7: நின்று பாருங்கள்

ஃபிலோலியிலிருந்து வடக்கே போனால் ஒரு மைலுக்குள் இடப்பக்கம் வட்டமாகத் தூண்கள் தெரியும். பல்காஸ் தண்ணீர்க் கோயில். கண்டிப்பாக நில்லுங்கள். யோசெமிட்டி மலையில் ஹெட்ச் ஹெட்சி அணையிலிருந்து, நூற்றறுபது மைலுக்கும் மேல், பம்ப் எதுவும் இல்லாமல் இறக்கத்திலேயே ஓடிவரும் தண்ணீர் இங்கே வந்து சேர்கிறது. 1934-இல் முதல் தண்ணீர் வந்ததைக் கொண்டாடக் கட்டியது. இப்போது நிற்கும் கல் கட்டடம் 1938-இல் முடிந்தது. முன்பு தண்ணீர் அந்தத் தூண்களுக்கு அடியிலேயே பாய்ந்துகொண்டிருந்தது. சான் பிரான்சிஸ்கோவும் இந்தத் தீபகற்பத்தின் பல ஊர்களும் குடிக்கும் தண்ணீர் அது. வார இறுதியில் கோயிலின் பார்க்கிங் மூடியிருக்கும், அதனால் நடந்தும் சைக்கிளிலும் வருகிறவர்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

"எந்தச் சாமி?" என்று அம்மா கேட்டார். தண்ணீர்தான் என்றேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினார். மழைக்காகக் காத்துக் கிடக்கும் கண்மாய் ஊரிலிருந்து வந்தவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அதைத் தாண்டினால் அப்பர் கிரிஸ்டல் ஸ்பிரிங்ஸ் ஏரி தெரியத் தொடங்கும். நீளமாக, ஒல்லியாக, நேர்கோடு போட்ட மாதிரி கிடக்கும். காரணம், சான் ஆன்ட்ரியாஸ் என்ற நிலப்பிளவு இந்தப் பள்ளத்தாக்கின் வழியாகத்தான் போகிறது. பூமியின் மேலோட்டுத் தட்டுகள் இரண்டு இங்கே சந்திக்கின்றன: எதிர்க்கரை மலை பசிபிக் தட்டின் மேல், நீங்கள் நிற்கும் கரை வட அமெரிக்கத் தட்டின் மேல். சான் பிரான்சிஸ்கோவை நாசமாக்கிய 1906 நிலநடுக்கம் இந்தப் பிளவில் வந்ததுதான். குடிநீர் ஏரி என்பதால் வேலி போட்டிருக்கிறார்கள், தண்ணீருக்குப் பக்கத்தில் போக முடியாது. அந்தக் கட்டுப்பாடுதான் கரையில் ஒரு வீடுகூட வராமல் தடுத்திருக்கிறது. மான்கள் புல் மேயும், மேலே கழுகுகள் வட்டமிடும். கடலை மிட்டாயும் வாழைப்பழமும் சாப்பிட இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. வழியில் கடை எதுவும் கிடையாது. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் எடுத்துப் போங்கள்.

படி 8: திரும்புவது

92 முனை வரை போயே ஆக வேண்டும் என்று எதுவும் இல்லை. தண்ணீர்க் கோயில் வரை போய்த் திரும்பினாலும் முதல் நாளுக்கு அது நல்ல தூரம். கால் சொல்வதைவிடக் கடிகாரம் சொல்வதைக் கேளுங்கள்: 3 மணிக்குத் தடுப்பை எடுத்துவிட்டால் கார்கள் வந்துவிடும். இரண்டரைக்குள் வெளியே வந்துவிடுங்கள்.

அம்மா முதல் ஞாயிறு கோயிலோடு திரும்பினார். இரண்டாவது ஞாயிறு ஏரிக்கரை. மூன்றாவது வாரம் காரிலிருந்து சைக்கிளை இறக்கியதும், ஆலன் கீயைக் கேட்டு வாங்கி, சீட்டை அவரே ஒரு அங்குலம் ஏற்றிக்கொண்டார்.