காசுக்காகவா, மனசுக்காகவா? தற்சார்பா வாழ ஆரம்பிக்கிறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயித்துக்கிழமை, சிங்கப்பூர்ல எங்க அடுக்குமாடி புளோக்குக்குக் கீழ இருக்குற சமூகத் தோட்டத்துக்கு ஒரு இளம் ஜோடி வந்துருந்தாங்க. கல்யாணமாகி ஒரு வருஷம், பிடிஓ (அரசாங்கம் கட்டி விக்கிற அடுக்குமாடி) வீட்டுச் சாவி வாங்கி மூணு மாசம். அந்தப் பொண்ணு ஃபோன எடுத்து ஒரு படத்தக் காட்டி, "அக்கா, இத வாங்கிட்டா மாசாமாசம் காய்கறி செலவே இருக்காதுல்ல?"ன்னு கேட்டுச்சு. படத்துல இருந்தது வெள்ளக் கலர் ஹைட்ரோபோனிக் டவர், மண்ணே இல்லாம தண்ணிலயே செடி வளக்குற கோபுரம், கூடவே எல்ஈடி லைட்டு. எனக்கு மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. ஏன்னா 2022-ல நான் எங்க வீட்டுக்காரர்ட்ட சொன்னதும் இதே வார்த்ததான், வாங்குனதும் கிட்டத்தட்ட இதே சாமான்தான். இந்த வருஷம் மட்டும் இதே கேள்வியோட வந்தது இவங்க நாலாவது ஆளு. அதான் உக்காந்து எழுதிடலாம்னு.

தண்ணிய அதிகமா ஊத்தி வேர அழுக வைக்கிறது, வெயில் இல்லாத எடத்துல தக்காளி வைக்கிறது, இதெல்லாம் இங்க சொல்லப் போறதில்ல. செடியே ரெண்டு வாரத்துல சொல்லிக்குடுத்துரும். நான் சொல்லப் போறது செடி சொல்லிக்குடுக்காத விஷயம்.

மனசு கேட்டத காசுக் கணக்குல எழுதுறது

நான் பண்ணுன பெரிய தப்பு இதுதான், இன்னைக்கு நெனச்சாலும் எரிச்சலா வருது, அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

2022 ஜூன்ல மலேசியா கோழி ஏற்றுமதிய நிறுத்துச்சுல்ல, அப்ப ஈரச்சந்தையில நான் எப்பவும் வாங்குற கடை ஷட்டர இழுத்துப் பூட்டிட்டுப் போயிருந்துச்சு. அதுக்கு முன்னாடி 2020 மார்ச்ல, மலேசியா எல்லைய மூடப் போறாங்கன்னு சேதி வந்தப்ப சூப்பர்மார்க்கெட்டுல அரிசி மூட்டைக்கு நின்ன வரிசையும் மனசுல இருந்துச்சு. நம்ம சாப்பாட்டுல தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல வெளியிலேர்ந்து வர்ற ஊரு இது. எங்க தாத்தா செம்பவாங்ல பிரிட்டிஷ்காரன் கடற்படைத் தளத்துல வேல பாத்தவர், கம்பத்துல, அதாவது கிராமத்துல வீடு, வாசல்ல பப்பாளி, பின்னாடி கோழி, பாட்டி கடைக்குப் போறதே உப்பு, எண்ணெய், மண்ணெண்ணெய் வாங்கத்தான்னு அம்மா சொல்லுவாங்க. என் புள்ளைங்களுக்குக் கீரைன்னா பிளாஸ்டிக் பைல வர்றதுன்னு மட்டும்தான் தெரியும்கிறது எனக்கு ரொம்ப நாளா உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இதுதான் நெசமான காரணம். கை மண்ணுல படணும், புள்ளைங்க பாக்கணும், எல்லாத்துக்கும் ஒரு கப்பலையும் ஒரு பாலத்தையும் நம்பிக்கிட்டு இருக்கக் கூடாது.

ஆனா அத நான் வீட்டுல சொல்லல. சொல்ல கூச்சமா இருந்துச்சு. நம்ம ஊர்ல "எனக்கு ஆசையா இருக்கு"ன்னு சொன்னா நாலு கேள்வி வரும், "காசு மிச்சமாகும்"னு சொன்னா ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க. அதனால, "ஏங்க, மாசம் எம்பது வெள்ளி காய்கறிக்குப் போவுது, இத வாங்குனா ஒன்றர வருஷத்துல போட்ட காசு திரும்பிரும்"னு சொன்னேன். அவரும் சரின்னுட்டார். 1,280 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 12 மாசத் தவணை, மாசத்துக்கு 107 வெள்ளி கிட்ட.

இப்ப கணக்கப் பாருங்க. லைட்டு 120 வாட், ஒரு நாளைக்கு 14 மணி நேரம் எரியணும், மாசத்துக்கு 50 யூனிட். பம்பு 20 வாட், ராப்பகலா ஓடும், அது ஒரு 14 யூனிட். ஒரு யூனிட்டு சுமார் 30 காசுன்னு வெச்சா மாசம் 19 வெள்ளி கரண்டுக்கு மட்டும். விளைஞ்சது என்னன்னா நல்லா வந்த மாசத்துல ரெண்டு கிலோ, லெட்டூஸும் சியாவ் பாய் சாய்ங்கிற சீனக் கீரையும். கடையில 250 கிராம் பாக்கெட்டு 1 வெள்ளி 80 காசுன்னு வாங்குனாக்கூட 14 வெள்ளி 40 காசுதான் ஆவுது. அதாவது டவர யாராவது சும்மா குடுத்துருந்தாலும் எனக்கு நட்டம். தவணைக் காசையும் சத்துக் கரைசலையும் நான் இன்னும் சேக்கவே இல்ல. சேனைக்கிழங்கு, வெண்டிக்கா, முருங்கக்கான்னு நாங்க நெசமா சாப்புடுற எதுவும் அதுல வெளையாதுங்கிறதயும் நான் யோசிக்கல, அந்த எம்பது வெள்ளியில லெட்டூஸ் எத்தன வெள்ளின்னு ஒரு தடவ ரசீத எடுத்துப் பாத்துருந்தாப் போதும்.

அஞ்சாவது மாசம் வேரழுகல் வந்துச்சு. நம்ம ஊர் சூட்டுல வீட்டுக்குள்ள வெச்ச தொட்டித் தண்ணி முப்பது டிகிரி கிட்ட போயிரும், சூடான தண்ணில ஆக்ஸிஜன் தங்காது, பூஞ்சை மாதிரியான ஒரு கிருமி புகுந்துரும். ஒரு நாள் காலைல மூடியத் தொறந்தா குளத்துப் பாசி நாத்தம், வெள்ளையா இருக்க வேண்டிய வேரு பழுப்பாகி, கையில எடுத்தா வழுவழுன்னு தோலு உருவிக்கிட்டு நூல் மட்டும் தொங்குது. முப்பத்தாறு குழியும் போச்சு. அன்னைக்கு ராத்திரி அவர் கரண்டு பில்ல மேசையில வெச்சு, கோவமே இல்லாம, "நீதானே காசு மிச்சமாகும்னு சொன்ன?"ன்னு கேட்டார். என்கிட்ட பதில் இல்ல. காசுன்னு சொல்லித்தான ஆரம்பிச்சேன், காசுல தோத்ததும் நிறுத்துறதத் தவிர வேற என்ன வழி. எட்டாவது மாசம் டவர 250 வெள்ளிக்கு வித்தாச்சு. அதுக்கப்புறமும் நாலு மாசம் தவணை கட்டுனோம்.

டவர் போனதுல எனக்கு வருத்தமில்ல. கூடவே புள்ளைங்களோட ஆசையும் போச்சு பாருங்க, அதுதான். பெரியவன் தெனம் ஸ்கூல்லேர்ந்து வந்ததும் டவர்ட்ட போய் எத்தன இலை விட்டுருக்குன்னு எண்ணுவான். நான் மொதல்லயே, "இது என் ஆசை, மாசம் இருபது வெள்ளி செலவாகும், திரும்பி ஒண்ணும் வராது, சரியா?"ன்னு கேட்டுருந்தா அவர் மாட்டேன்னு சொல்லிருக்க மாட்டார். நாலு தொட்டி மண்ணும் கங்கோங் கீரைத் தண்டும் வாங்கிருப்போம், கடையில வாங்குன கட்டுலேர்ந்து அடித்தண்ட நறுக்கி ஈர மண்ணுல குத்துனாலே மூணு நாலு வாரத்துல பறிக்கலாம். அவன் இன்னைக்கும் எண்ணிக்கிட்டு இருந்துருப்பான்.

இன்னொண்ணும் சொல்றேன். 2019-ல அரசாங்கமே 2030-க்குள்ள நம்ம ஊட்டச்சத்துத் தேவையில 30 விழுக்காட்ட உள்ளூர்லயே உற்பத்தி பண்ணணும்னு இலக்கு வெச்சுச்சு, 2025 நவம்பர்ல அத எடுத்துட்டு, 2035-க்குள்ள நார்ச்சத்து உணவுல 20, புரத உணவுல 30 விழுக்காடுன்னு மாத்திட்டாங்க. நிபுணருங்க, முதலீடு, மானியம் எல்லாம் இருந்தும் கரண்டுச் செலவத் தாங்க முடியாம மூடுன பண்ணைங்க இருக்கு. அப்ப நம்ம ஹால்ல ஒரு டவர் நம்ம மளிகைச் செலவக் கொறைக்கும்னு விக்கிறவர் சொன்னா, கரண்டுக் கணக்கக் கேளுங்க. சொல்லாதவர்ட்ட வாங்காதீங்க.

நான் இப்ப ரெண்டு நோட்டு வெச்சுருக்கேன். ஒண்ணு காசு நோட்டு. தயிர் வீட்டுல ஒறை ஊத்துறது, இட்லி மாவு அரைக்கிறது, வேலைக்கு மதியச் சாப்பாடு கட்டிக் குடுக்கிறது, கிழிஞ்ச ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறது, கறிவேப்பிலை, பாண்டான் இலை, செரை (எலுமிச்சைப் புல்). இதெல்லாம் நெசமாவே மிச்சம், ரசீது சொல்லுது. இன்னொண்ணு மனசு நோட்டு. கீரை, பாவக்கா, மக்குற உரம், விதை சேக்கிறது. இதுக்கு மாசம் 25 வெள்ளி, அதுக்கு மேல ஒரு காசு கெடையாது, வரவுன்னு ஒரு பக்கமே அந்த நோட்டுல இல்ல. ஒரு நோட்டுல இருக்குறத இன்னொண்ணுக்கு மாத்தக் கூடாதுங்கிறதுதான் ஒரே விதி.

கொள்கைய மத்தவங்க தட்டுல வைக்கிறது

பூச்சிமருந்து அடிச்ச காய் வேணாம், பிளாஸ்டிக்ல வந்தது வேணாம்னு நீங்க முடிவு பண்ணலாம். அது உங்க முடிவு. மாமியாருக்கு எழுவத்தெட்டு வயசு, அவங்களுக்குத் தேக்கா சந்தையில வாங்குன கத்திரிக்காதான் ருசின்னா வாங்கிக் குடுங்க.

வேலைய விட்டுட்டா சமாளிச்சுரலாம்னு நெனைக்கிறது

இது காசுத் தப்பு, ஆனா கொள்கை வேஷத்துல வரும். "ரெண்டு வருஷத்துல ரெண்டு பேரும் வேலைய விட்டுட்டு எளிமையா வாழப் போறோம்"னு ஒரு தம்பி சொன்னார். எளிமையா வாழுங்க, சந்தோஷம், ஆனா சிபிஎஃப (சம்பளத்துலேர்ந்து கட்டாயமா சேர்ற மத்திய சேமநிதி) எடுத்து வெச்சு ஒரு தடவ கணக்குப் போடுங்க. 55 வயசு வரைக்கும் சம்பளத்துல நம்ம பங்கு 20 விழுக்காடு, முதலாளி பங்கு 17. வேலைய விட்டா ரெண்டும் நின்னுரும். வீட்டுக் கடன் சிபிஎஃபோட சாதாரணக் கணக்குலேர்ந்துதான போயிக்கிட்டு இருக்கு, அதுல இருக்குறது தீந்ததும் ரொக்கமாக் கட்டணும். மெடிஷீல்டு லைஃப்ங்கிற மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் வயசு ஏற ஏறக் கூடிக்கிட்டே போகும், அதுக்கு மெடிசேவ்ங்கிற சிபிஎஃப் மருத்துவக் கணக்குல பணம் இருக்கணும். நகர மன்றக் கட்டணம், தண்ணி, கரண்டு எதையும் கீரைக்கட்டு குடுத்து அடைக்க முடியாது. வீடே 99 வருஷக் குத்தகை, நமக்குன்னு ஒரு காணி நிலம் இந்த ஊர்ல யாருக்கு இருக்கு? பூங்காக் கழகத்துல வாடகைப் பாத்தி குடுக்குறாங்க, 2.5 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம். அருமையான விஷயம், நானும் குலுக்கல்ல கெடச்சு மூணு வருஷம் வெச்சுருந்தேன். ஒரு குடும்பம் அதுல சாப்புட முடியாது.

ரெண்டு பேரும் முழுசா நிறுத்துறதுக்குப் பதிலா, யாராவது ஒருத்தர் வாரத்துல நாலு நாள் வேலைன்னு கேட்டுப் பாக்கலாம். அந்தத் தம்பி அதத்தான் பண்ணப் போறேன்னு இப்ப சொல்றார்.

வெயில ஒரே ஒரு மாசம் பாத்துட்டு செடி வாங்குறது

நம்ம ஊர் பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கு, அதனால சூரியன் வருஷத்துல பாதி வடக்கால, பாதி தெக்கால போவும். தெக்குப் பாத்த காரிடார்ல (வீட்டு வாசலுக்கு வெளிய ஓடுற பொது நடைபாதை) டிசம்பர்ல வெயில் கொட்டும், ஜூன்ல எட்டிக்கூடப் பாக்காது. வடக்குப் பாத்தா நேர் எதிர். ஜனவரியில குடிவந்து, "ஆஹா என்னா வெயில்"னு மொளகா, கத்திரி, வெண்டின்னு இருவது தொட்டி வாங்கி, ஜூன் ஜூலையில பூவெல்லாம் உதுந்து அழுதவங்க எங்க புளோக்குலயே மூணு பேர். மொதல் வருஷம் கறிவேப்பிலை ஒண்ணு, கங்கோங் ஒண்ணு. போதும்.

காரிடார அடைக்கிறது

1.2 மீட்டர் நடபாதை விடணும். தீ விபத்துன்னா ஆளுங்களத் தூக்கிட்டு ஓடுற வழி அது.

தொட்டித் தட்டுல தண்ணி

ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொட்டுங்க, இறுகுன மண்ணக் கிளறி விடுங்க. டெங்கி வந்து எங்க அடுத்த வீட்டுப் புள்ள ஒம்பது நாள் ஆஸ்பத்திரியில கெடந்துச்சு.

பயத்துல ஆரம்பிக்கிறது

காசும் இல்ல, மனசும் இல்ல, மூணாவதா ஒண்ணு இருக்கு, பயம். பேப்பர்ல ஒரு சேதி வந்ததும் பத்து மூட்டை அரிசி வாங்கி வண்டு விழ விடுறது. அவசரத்துக்குக் கொஞ்சம் சாமான் வீட்டுல இருக்க வேண்டியதுதான், அத மாசாமாசம் சமைச்சு, தீந்தத மறுபடி வாங்கி வைக்கணும்.

விதை பாக்கெட்டுகளக் குவிக்கிறது

ஒண்ணு முடிஞ்சதும் அடுத்தது.

கறிவேப்பிலைய ஒடிக்காம விடுறது

பாவம் பாத்து நுனிய ஒடிக்காம விட்டா ஒத்தக் குச்சியா நெட்டுக்கு வளந்து நிக்கும். முழங்கால் ஒயரம் வந்ததும் நுனிக் கொழுந்த நகத்தால கிள்ளி எடுங்க, கீழ இருக்குற கணுவுலேர்ந்து பக்கக் கெளை வெடிக்கும். எங்க வீட்டுது அஞ்சு வருஷச் செடி, அடியில வேர்லேர்ந்து கன்னு மொளைச்சுக்கிட்டே இருக்கு, இப்ப எங்க வீட்டுக்காரர்தான் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி தண்ணி ஊத்துறார். அந்தப் பொண்ணுக்கு ஒரு கன்னு எடுத்து வெச்சுருக்கேன், வர்ற ஞாயித்துக்கிழமை ஒரு மாச மளிகை ரசீதோட வரச் சொல்லிருக்கேன். டவர இன்னும் ஆர்டர் பண்ணலயாம்.