சாயநீரைப் பிடிக்கும் மண்: பென்டோனைட்டை மாற்றியமைக்கும் செய்முறை

ஆந்திர எல்லையிலுள்ள நகரி, புத்தூர் பகுதிகளில் விசைத்தறியை நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல. நகரியாறு கொசஸ்தலையாற்றோடு கலந்து பூண்டி நீர்த்தேக்கத்தை நோக்கிச் செல்வதால், இங்கே வடிகாலில் விடப்படும் சாயக்கழிவு நம் ஊரோடு நின்றுவிடுவதில்லை. அச்சாயத்தைப் பிடித்துவைக்கும் மண்ணைக் கல்லூரி ஆய்வகத்திலேயே தயாரிக்கலாம்.

பென்டோனைட் என்னும் களிமண்ணில் மிகுதியாக இருப்பது மான்ட்மோரிலோனைட் என்னும் கனிமம். அதன் அடுக்குகள் எதிர்மின்சுமை கொண்டவை. இடையே சோடியம் போன்ற அயனிகள் தங்கியிருக்கும். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களும் எதிர்மின்சுமை கொண்டவை என்பதால் இயற்கை மண் அவற்றை ஏற்பதில்லை. சோடியத்தை வெளியேற்றி, நீண்ட கார்பன் வால் கொண்ட நேர்மின் அயனியை அங்கே அமர்த்தினால், நீரை விரும்பிய மண் எண்ணெய்த் தன்மையுள்ள பொருள்களை விரும்பத் தொடங்கும்; சாயமும் அதில் ஒட்டிக்கொள்ளும். பென்சீன், டொலுவீன் போன்றவையும் அந்த வால்களுக்கிடையே கரைந்து தங்கும்.

முதலில் கணக்கு, இதில் அவசரம் கூடாது. 100 கிராம் மண்ணின் அயனி மாற்றுத் திறன், அதாவது அது மாற்றிக்கொள்ளக்கூடிய அயனிகளின் அளவு, 80 மில்லி ஈக்விவலன்ட் என்றால், ஒற்றை மின்சுமை கொண்ட அயனி 10 கிராமுக்கு 8 மில்லிமோல் தேவை. அந்த நீண்ட வால் அயனியைத் தரும் செடைல் ட்ரைமெத்தில் அம்மோனியம் புரோமைடின் (இனி, புரோமைடு) மூலக்கூறு எடை 364.5 என்பதால், எடுக்க வேண்டியது சுமார் 2.9 கிராம். இதற்கு மேல் சேர்த்தால் இரண்டாம் அடுக்கு அமைந்து சாயத்தை இன்னும் வலுவாக ஈர்க்கும் என்றாலும், இறுகப் பற்றாத அந்த அடுக்கு நீரில் கசியக்கூடும். ஆகவே தொடக்கத்தில் கணக்கிட்ட அளவே போதும்.

10 கிராம் மண்ணை 500 மில்லி வாலைவடிநீரில் போட்டு, நன்கு ஊறி உப்பும் வரை பல மணி நேரம் கலக்குங்கள். புரோமைடை 100 மில்லி வெதுவெதுப்பான நீரில் கரையுங்கள். குளிர்ந்த நீரில் அது சரியாகக் கரையாது. கரைசலைச் சிறிது சிறிதாக மண்ணில் ஊற்றி, 60 டிகிரி செல்சியஸில் மூன்று நான்கு மணி நேரம் கலக்கினால், மண் திரிந்து அடியில் படியும். வடிகட்டிக் கழுவுங்கள். கழுவிய நீரில் சில்வர் நைட்ரேட் துளியை விட்டால் வெளிர்மஞ்சள் படிவு தோன்றாமல் போகும் வரை கழுவுதல் தொடர வேண்டும். பிறகு 60 டிகிரியில் உலர்த்திப் பொடித்துச் சலியுங்கள்.

சோதனைக்கு மெத்திலீன் புளூ வேண்டாம். அது நேர்மின் சாயம். மாற்றப்படாத மண்ணே அதை உறிஞ்சிவிடும், உங்கள் வேலையின் பலன் தெரியாது. லிட்டருக்கு 50 மில்லிகிராம் மெத்தில் ஆரஞ்சு கரைசலை 100 மில்லி எடுத்து, 0.1 கிராம் மண்ணுடன் குலுக்கி, வடிகட்டி, 464 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளவிட்டு, மீதமுள்ள சாயத்தைக் கணக்கிடுங்கள். மீதம் லிட்டருக்கு 10 மில்லிகிராம் எனில், ஒரு கிராம் மண் 40 மில்லிகிராம் சாயத்தைப் பிடித்துள்ளது. அமிலத்தில் இச்சாயம் சிவப்பாக மாறும் என்பதால் கரைசல் நடுநிலையில் இருக்கட்டும். மாற்றப்படாத மண்ணையும், மண் சேர்க்காத கரைசலையும் அருகிலேயே வைத்து ஒப்பிடாத முடிவை நான் ஏற்கமாட்டேன்.

சாயப் பட்டறைக் கழிவில் உப்பு மிகுதி. அக்கழிவை அடுத்த கட்டமாகவே சோதியுங்கள். புரோமைடு தோலையும் கண்ணையும் எரிக்கும், மீன்களுக்கு நஞ்சு; கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள், கழுவிய நீரைத் தனிக் கலனில் சேர்த்துவையுங்கள். சாயம் ஏறிய மண்ணை வயலிலோ ஏரிக்கரையிலோ கொட்டாமல், மூடிய கலனில் பெயரும் நாளும் எழுதி, அபாயக் கழிவு பெறும் அனுமதியுள்ள இடத்தில் ஒப்படையுங்கள்.