இன்டீரியர் வேலை: சுவரோடு ஒட்டுவதில் டிரெண்டைத் துரத்தாதீர்கள்

நிறங்களுக்குத் தர அட்டைகள் வெளியிடும் பான்டோன் நிறுவனம் வருடா வருடம் ஒரு நிறத்தை அந்த ஆண்டின் நிறமாக அறிவிக்கும். 2023-இல் விவா மெஜந்தா என்ற அடர் சிவப்பு, 2024-இல் பீச் ஃபஸ் என்ற இளம் பீச், 2025-இல் மோக்கா மூஸ் என்ற காபிப் பழுப்பு. மூன்று வருடத்தில் மூன்று திசை. ஆனால் நல்ல பிளைவுட்டில் செய்த வார்ட்ரோப் பதினைந்து வருடம் அசையாமல் நிற்கும். அதில் ஒட்டிய மைக்கா என்ற லேமினேட் தகட்டை நடுவில் உரித்து வேறு நிறம் ஒட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை, செலவும் கொஞ்சநஞ்சமில்லை.

நம் ஊர் அபார்ட்மென்ட்களில் இன்டீரியர் செய்துவிட்டு வருத்தப்படுகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். திரைச்சீலை, குஷன் உறை, தரைவிரிப்பு, மேசை விளக்கு இதிலெல்லாம் எந்த டிரெண்டையும் ஆசை தீரப் பின்பற்றலாம். அலுத்தால் மாற்றிவிடலாம். ஃபால்ஸ் சீலிங், சமையல் மேடை, குளியலறைக் குழாய், தரை ஆகியவை அப்படியில்லை. இவற்றுக்கு இன்ஸ்டாகிராம் படத்தைக் காட்டி "இதே மாதிரி" என்று கேட்கும்போது ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தில் இருக்கும் வீட்டில் யாரும் கடுகு தாளிப்பதில்லை.

வீடு முழுக்க ஃபால்ஸ் சீலிங்

ஒரு மாடியின் தரைக்கும் அடுத்த மாடியின் தரைக்கும் பத்தடி என்று கட்டியிருந்தால், கான்கிரீட் போக நமக்குக் கிடைப்பது ஒன்பதரை அடிதான். கான்கிரீட்டுக்குக் கீழே பலகை கட்டித் தொங்கவிடும் ஜிப்சம் சீலிங் அதில் அரை அடி, முக்கால் அடியைத் தின்றுவிடும். மின்விசிறியின் இறக்கை தரையிலிருந்து ஏழடிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதே சமயம் சீலிங்கை ஒட்டியும் இருக்கக் கூடாது. மேலிருந்து காற்றை இழுத்துத்தான் அது கீழே தள்ளுகிறது, மேலே இடம் இல்லாவிட்டால் சுற்றும், காற்று வராது. சென்னையில் மே மாதம் இது புரியும்.

இதைவிட எரிச்சலான ஒன்று இருக்கிறது. சீலிங் பிளானை வரைபவர் அழகாக இருக்கட்டும் என்று சீலிங்கில் பதிக்கும் நான்கு டவுன்லைட்டுகளை விசிறியைச் சுற்றிப் போட்டுவிடுவார். வெளிச்சத்தின் பாதையில் இறக்கை குறுக்கே வந்தால் அறை முழுக்க நிழல் படபடவென்று வெட்டிக்கொண்டே இருக்கும். ஐந்து நிமிடம் பேப்பர் படிக்க முடியாது, கடைசியில் லைட்டைப் போட்டால் ஃபேனை நிறுத்த வேண்டும் என்ற நிலைமை வரும். டவுன்லைட்டுகள் இறக்கையின் வட்டத்துக்கு நன்றாக வெளியே, சுவரை ஒட்டி இருக்க வேண்டும்.

விசிறி கான்கிரீட்டில் இருக்கும் கொக்கியிலிருந்து நீளமான ராடில்தான் தொங்க வேண்டும், ஜிப்சம் சட்டத்திலிருந்து ஒருபோதும் கூடாது. எல்.இ.டி. ஸ்ட்ரிப்புக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் பெட்டி எங்கே வைக்கப்படுகிறது என்று கேட்டுவிடுங்கள். ஸ்ட்ரிப்புக்கு முன்னால் டிரைவர்தான் பெரும்பாலும் போகும், அப்போது அதைத் தொடுவதற்காகச் சீலிங்கை அறுக்க நேரக் கூடாது. மேல் வீட்டுக் குளியலறைக்குக் கீழே வரும் பகுதியில் திறந்து பார்க்க ஒரு மூடி கட்டாயம்.

எனக்குப் பிடித்தது சுவர் ஓரமாக மட்டும் ஒன்றரை அடி அகலத்துக்கு சீலிங் செய்து நடுவை அப்படியே விட்டுவிடுவது. லைட்டுக்கு இடம் கிடைக்கும், உயரமும் போகாது, ஃபேனும் நிம்மதியாகச் சுற்றும். மொட்டை மாடிக்குக் கீழ் வீடு என்றால் "சீலிங் போட்டால் சூடு குறையும்" என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் வெயிலை மாடியிலேயே தடுக்கிற வெள்ளைக் கூலிங் டைல்ஸோ கூல் ரூஃப் பெயின்ட்டோ முதலில் செய்ய வேண்டிய வேலை.

ஓப்பன் கிச்சன், வெள்ளை மேடை

ஹாலோடு சேர்ந்த திறந்த சமையலறை பார்க்க விசாலமாக இருக்கும். அது தப்பில்லை. அதைத் திறந்துவிட்டு, புகையை வெளியே கொண்டுபோகும் குழாயான டக்ட் இல்லாத சிம்னியை மாட்டுவதுதான் தப்பு. டக்ட் இல்லாத சிம்னி புகையைக் கரி வடிகட்டி வழியாக இழுத்து வீட்டுக்குள்ளேயே திரும்ப விடும். வெங்காய சாம்பாருக்குத் தாளித்தாலும் மீன் வறுத்தாலும் வாசமும் ஈரமும் ஹால் சோஃபாவில் போய் உட்காரும். வெளியே போகும் டக்ட் வேண்டும், அதுவும் முடிந்தவரை குட்டையாக, வளைவு குறைவாக. ஒவ்வொரு வளைவும் இழுவையைக் குறைக்கும். சிம்னி இருந்தாலும் எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஒரு ஓட்டையை விட்டுவையுங்கள். முடிந்தால் நடுவில் ஒரு கண்ணாடிச் சறுக்குக் கதவு. மற்ற நேரம் திறந்து கிடக்கட்டும், தாளிக்கும்போது இழுத்து மூடிக்கொள்ளலாம்.

வெள்ளைக் குவார்ட்ஸ் மேடை இப்போது எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. குவார்ட்ஸ் என்று விற்கப்படுவது கல் தூளை ரெசின் சேர்த்து அழுத்திச் செய்த பலகை. ரெசினுக்கு நெருப்புச் சூடு ஆகாது. அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்லை அப்படியே வைத்தால் நிறம் மாறும், விரிசலும் விடலாம். மஞ்சள் தூள் கொட்டிக் கொஞ்ச நேரம் கவனிக்காமல் விட்டால் நிழல் போலக் கறை நின்றுவிடும். இத்தாலியன் மார்பிள் இன்னும் மோசம். அது சுண்ணாம்புக் கல் வகை, எலுமிச்சையும் புளியும் பட்ட இடத்தில் பளபளப்பை அரித்துவிடும். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் வெட்டியெடுக்கும் கிரானைட் இதையெல்லாம் சட்டை செய்யாது. வெள்ளை வேண்டும் என்ற ஆசையை மேல் அலமாரிக் கதவிலோ சுவர் டைலிலோ தீர்த்துக்கொள்ளலாம். பரிமாறும் கவுன்டரில் மட்டும் குவார்ட்ஸ் போடலாம், அடுப்பு மேடைக்கு வேண்டாம்.

அப்புறம், மாடுலர் கிச்சன் வரைபடத்தில் இருக்கவே இருக்காத சில ஆசாமிகள்: வெட் கிரைண்டர், பெரிய இட்லிப் பானை, அரிசி டிரம், தண்ணீர் கேன். அழகான டிராயர் வரிசைக்கு நடுவில் கிரைண்டருக்கு இடமே இருக்காது, கடைசியில் அது பால்கனிக்குப் போகும். வரைபடத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் வீட்டில் இருக்கும் பெரிய பாத்திரங்களை டேப் வைத்து அளந்து கொடுங்கள். மேடை உயரமும் அப்படித்தான். தினமும் சமைப்பவர் யாரோ அவர் நின்று, கரண்டியைப் பிடித்துப் பார்த்து முடிவு செய்யட்டும். ஆறடி உயர மருமகனை வைத்து அளந்துவிட்டு ஐந்தடி அம்மாவைச் சமைக்கச் சொன்னால் தோள் வலிதான் மிஞ்சும்.

கேஸ் சிலிண்டரை மேடைக்கு அடியில் கதவு போட்டு மறைப்பவர்கள் கவனிக்க: எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே தேங்கும். கதவின் அடியில் காற்றோட்டத்துக்குத் துளைகள் இல்லாமல் மூடவே கூடாது. குழாய் வழியாக வரும் இயற்கை எரிவாயு நேர்மாறு. அது லேசானது, மேலே போய்ச் சேரும். அதற்குக் காற்றோட்டம் மேலே வேண்டும்.

கறுப்புக் குழாயும் உப்புத் தண்ணீரும்

மேட் கறுப்புக் குழாய், கறுப்பு ஷவர், முழுக் கண்ணாடித் தடுப்பு. கடையில் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. போர் தண்ணீரோ லாரித் தண்ணீரோ வரும் வீட்டில் இதன் கதை வேறு. ஒவ்வொரு சொட்டும் காய்ந்து வெள்ளைப் புள்ளியாக நிற்கும், கறுப்பில் அது விபூதி பூசியதுபோலப் பளிச்சென்று தெரியும். குழாயின் வாயைச் சுற்றி ஒரு சுண்ணாம்பு வளையம் கட்டும். தேய்த்துப் பார்த்து அலுத்துப்போய் யாராவது ஆசிட் ஊற்றுவார்கள், அத்தோடு கறுப்புப் பூச்சும் உரிய ஆரம்பிக்கும். கண்ணாடியை ஒவ்வொரு குளியலுக்குப் பிறகும் ரப்பர் வைப்பரால் வழித்துவிடும் வீடு என்றால் சரி. நாலு பேர் வரிசையில் நின்று எட்டு மணிக்குள் கிளம்பும் வீட்டில் அது நடக்காது.

முதலில் தண்ணீரின் கடினத்தன்மையைச் சோதித்துப் பாருங்கள். அதிகமாக இருந்தால் பிரஷ் செய்த ஸ்டீல் நிறக் குழாய் கறையை ஓரளவு மறைக்கும். கண்ணாடிக்குப் பதில் இரண்டடி அரைச்சுவரே போதும்.

ஈரத்தைப் பற்றிப் பேசும்போதே டி.வி. சுவரையும் சொல்லிவிடுகிறேன். கோடு கோடான லூவர் பேனல் இல்லாத புது வீடு இன்று அபூர்வம். ஓதம் ஏறிய சுவரை மறைக்க இதை ஒட்டிக்கொடுப்பவர்களும் உண்டு. பேனல் ஓதத்தை மறைக்கும், நிறுத்தாது. பின்னால் பூஞ்சை வளரும், அடிச்சட்டம் மரமாக இருந்தால் கரையானுக்கும் வசதி. ஒட்டுவதற்கு முன் கசிவைச் சரிசெய்து, ஒரு மழைக்காலம் போகவிட்டு, சுவர் காய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கோடுகளுக்குள் சேரும் தூசியைத் துடைப்பது யார் என்பதையும் வீட்டில் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது.

ஆத்தங்குடி ஆசை

செட்டிநாட்டு பாணி திரும்ப வந்திருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் காரைக்குடிக்குப் பக்கத்து ஆத்தங்குடியில் செய்யும் கல்லை விட்ரிஃபைட் டைல் மாதிரி நடத்தினால் பணம் வீண். ஆத்தங்குடிக் கல் அந்த டைல் மாதிரி சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, நிறம் கலந்த சிமென்ட்டை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருகிறது. நடக்க நடக்க, துடைக்கத் துடைக்க அது கூடும்.

சிமென்ட் என்பதால் எண்ணெயும் மஞ்சளும் கீழே இறங்கும், ஆசிட் பட்டால் முகமே போய்விடும். டைல்ஸ் பதித்த பிறகு ஆசிட் வாஷ் செய்வது நம் ஆட்களுக்குப் பழக்கம், ஆத்தங்குடிக் கல்லுக்கு அது கூடவே கூடாது என்று கொத்தனாரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். பெயின்ட், மர வேலை எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் பதிப்பதே உத்தமம். இன்னொரு விஷயம், இந்தக் கல் ஏறக்குறைய முக்கால் அங்குலம் தடிமன். விட்ரிஃபைட் டைல் அதில் பாதிதான். ஹாலில் ஒன்றும் பக்கத்து அறையில் இன்னொன்றும் போட நினைத்தால் தரை மட்டத்தை முன்பே கணக்கிட வேண்டும், இல்லாவிட்டால் வாசற்படியில் தடுக்கும். கல்லுக்குக் கல் நிறமும் ஓரமும் சற்று மாறும், கைவேலை அப்படித்தான் இருக்கும். அது பிடிக்காதென்றால் வாங்கவே வேண்டாம்.

செடிகளைப் பற்றிச் சுருக்கமாக. வீட்டுக்குள் செடி வைத்தால் காற்று சுத்தமாகும் என்ற நம்பிக்கைக்கு மூலம் 1989-இல் வந்த நாசா ஆய்வு. அது மூடிய சிறு அறைக்குள் நடந்த சோதனை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, சாதாரண வீட்டின் காற்றோட்டத்துக்கு ஈடுகொடுக்க ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்து செடியாவது வேண்டும் என்று கணக்கிட்டது. அழகுக்காக வையுங்கள், அதில் குறை ஒன்றுமில்லை. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் மட்டும் தண்ணீர் தேங்க விடாதீர்கள், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அவ்வளவு தண்ணீரே தாராளம்.

கொட்டேஷனில் பார்க்க வேண்டியது

சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒற்றை எண்ணைக் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொண்டு கேள்வி கேளுங்கள். உள்பெட்டி எந்தப் பலகை, கதவு எந்தப் பலகை, தடிமன் என்ன, ஓரத்தை மூட ஒட்டும் எட்ஜ் பேண்ட் எது, கீல் எந்தக் கம்பெனி? பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண்களில் ஐ.எஸ். 303 என்பது சாதாரணப் பயன்பாட்டுக்கு, ஐ.எஸ். 710 என்பது தண்ணீரைத் தாங்கும் மரைன் வகை. படுக்கையறை வார்ட்ரோபுக்கு முதலாவது போதும். சிங்குக்கு அடியில் அது போதாது. மரத்தூளை ஒட்டி அழுத்திச் செய்யும் பார்ட்டிகிள் போர்டு சிங்கின் பக்கமே போகக் கூடாது, ஒரு கசிவில் ஊறிப்போன ரஸ்க் மாதிரி உப்பிவிடும்.

வெளியே மரைன், உள்ளே மலிவு என்று கலந்து செய்வது நடக்கிற விஷயம். மைக்கா ஒட்டிய பிறகு எதையும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் பலகை வந்து இறங்கும் நாளில் நேரில் போய் நில்லுங்கள். ஒவ்வொரு பலகையிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் அச்சாகியிருக்கும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். வாசலிலேயே நின்று போனில் பார்த்துவிடலாம்.

எலக்ட்ரீஷியன் சுவரை வெட்டுவதற்கு முன் கட்டில், சோஃபா, டி.வி. எங்கே என்று தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பாருங்கள். கட்டிலுக்குப் பின்னால் மறைந்துபோன பிளக் பாயின்ட் எல்லா வீட்டிலும் ஒன்றாவது இருக்கிறது. எல் வடிவ சோஃபா வாங்குகிறவர்கள் லிஃப்ட்டின் உட்புறத்தையும் வாசற்கதவின் அகலத்தையும் அளந்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள். பதித்த தரை டைலில் ஒரு பெட்டியைப் பரணில் போட்டுவைக்கவும் மறக்காதீர்கள். இரண்டு வருடம் கழித்து ஒன்று உடைந்தால் அதே டிசைன் கிடைத்தாலும் அதே நிறம் கிடைப்பது கஷ்டம்.