மன அழுத்தமும் ஆறாத புண்ணும்: வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் ஒஹாயோவில் 11 பல் மருத்துவ மாணவர்களுக்கு, அவர்கள் சம்மதத்துடன், மேலண்ணத்தில் 3.5 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு சிறு காயம் உண்டாக்கினார்கள். ஒருமுறை கோடை விடுமுறையில், இன்னொரு முறை தேர்வுக்கு மூன்று நாள் முன்பு. தேர்வுக் காலத்துக் காயம் ஆற, சராசரியாக 40 சதவீதம் கூடுதல் காலம் பிடித்தது. விடுமுறையில் ஆறிய வேகத்தில் ஒருவருக்குக்கூடத் தேர்வு நேரத்தில் ஆறவில்லை. இந்த ஆய்வு வெளியான ஆண்டு 1998. அதற்கு மூன்றாண்டு முன்பு, மறதிநோய் கண்ட உறவினரைக் கவனித்துவந்த 13 பெண்களின் கையில் இதே அளவுக் காயம் ஆற 48.7 நாள் ஆனது. அந்தச் சுமை இல்லாத, ஒத்த வயதுப் பெண்களுக்கு 39.3 நாள்.

மனக்கவலை நீடிக்கும்போது சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால், அட்ரினலின் என்ற ஹார்மோன்களைக் கூடுதலாக விடுகிறது. காயம் பட்டதும் வெள்ளையணுக்களை அழைக்க வேண்டிய சமிக்ஞைப் பொருள்களை, முக்கியமாக இன்டர்லூக்கின்-1ஐ, கார்ட்டிசால் அடக்குகிறது. அழைப்பு தாமதமானால் கிருமியும் செத்த திசுவும் அகற்றப்படுவதும் தாமதமாகும். அடுத்து, புண்ணின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நகர்ந்து மூட வேண்டிய மேல்தோல் செல்களின் நகர்வு மந்தமாகிறது. இந்தச் செல்களில் அட்ரினலினை உணரும் ஏற்பிகளும் (ஹார்மோன் வந்து ஒட்டும் புரதங்கள்) இருப்பதால் அடி இரு பக்கமும் விழுகிறது. ஆழத்தில், தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தை நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் உற்பத்தியைக் குறைக்கின்றன. தோலின் நுண்குழாய்கள் சுருங்குவதால் ஆக்சிஜன் வரத்தும் குறைகிறது.

இதற்காகக் கார்ட்டிசாலை எதிரியாக நினைக்க வேண்டாம். காயம்பட்ட தோலே சிறிதளவு கார்ட்டிசால் தயாரிக்கிறது, அழற்சி எல்லை மீறாமல் பிடிக்கும் பிரேக் அது. பிரேக்கை வாரக்கணக்கில் அழுத்திக்கொண்டே இருப்பதுதான் கோளாறு.

புண்ணில் ஸ்டீராய்டு களிம்பு தடவுவது

இருப்பதிலேயே மோசமான தவறு இதுதான். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன், ஃபுளூசினோலோன் என்று ட்யூபில் எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. கார்ட்டிசால் போய் ஒட்டும் அதே ஏற்பியில்தான் இவையும் ஒட்டுகின்றன, ஆனால் பல மடங்கு வலுவாக. மனக்கவலை மெல்லச் செய்வதை இந்த ட்யூப் நேரடியாகப் புண்ணிலேயே செய்துவிடுகிறது. பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக், ஸ்டீராய்டு மூன்றும் கலந்த களிம்புகளும் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதால், பெயரைப் பார்த்து ‘புண்ணுக்கான மருந்து’ என்று வாங்கிவிடுகிறார்கள்.

இரண்டே நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்கும், குணமாகிறது என்று தோன்றும். உண்மையில் அடங்கியது அழற்சி மட்டுமே. புண் மூடவில்லை, கிருமி இருந்தால் சத்தமில்லாமல் பரவும், தொடர்ந்து தடவினால் தோல் மெலிந்து கிழியும். திறந்த புண்ணில் இதைத் தொடவே வேண்டாம். அதே சமயம், கரப்பான் போன்ற தோல் அழற்சிக்குத் தோல் மருத்துவர் அளவும் நாளும் சொல்லி எழுதிக்கொடுத்தால் அது சரியான மருந்து. பயந்து நிறுத்த வேண்டியதில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. ஆஸ்துமாவுக்கோ மூட்டு நோய்க்கோ பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டுவருபவர், ‘புண் ஆறமாட்டேன் என்கிறது’ என்று தானாகவே சட்டென நிறுத்தக் கூடாது. உடலின் சொந்தக் கார்ட்டிசால் சுரப்பு அதற்குள் மந்தமாகியிருக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அறுவை சிகிச்சை என்றால், இந்த மாத்திரை சாப்பிடுவதை மருத்துவரிடமும் மயக்க மருந்து கொடுப்பவரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்டீராய்டால் தடைப்படும் ஆறுதலை வைட்டமின் ஏ ஓரளவு மீட்கிறது என்பது 1968இலேயே விலங்குகளில் காட்டப்பட்டது. அதை நம்பி வைட்டமின் ஏ மாத்திரையை நீங்களாக விழுங்காதீர்கள். அளவு மிஞ்சினால் கல்லீரலுக்குக் கேடு, கர்ப்பிணியின் கருவுக்கும் கேடு.

பத்தியம் என்று புரதத்தை நிறுத்துவது

‘தையல் போட்டிருக்கு, முட்டை, மீன், பருப்பு வேண்டாம், சீழ் பிடிக்கும்’ என்று சொல்லி, வெறும் கஞ்சியும் ரசம் சாதமும் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. சீழுக்குக் காரணம் கிருமி, முட்டை அல்ல. கார்ட்டிசால் தசையைக் கரைத்துச் சர்க்கரையாக மாற்றும் ஹார்மோன். அந்த நேரத்தில் சாப்பாட்டிலும் புரதம் இல்லையென்றால் கொலாஜன் எதிலிருந்து வரும்? படுக்கைப்புண் உள்ளவர்களுக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.25 முதல் 1.5 கிராம் புரதம் என்பது வழக்கமான பரிந்துரை. 60 கிலோ எடையுள்ளவருக்கு 75 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், சமைத்த மீன் 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம். கஞ்சியை மட்டும் குடித்து இதை எட்டவே முடியாது. கொலாஜன் இழைகள் உறுதியாகப் பின்ன வைட்டமின் சி வேண்டும். நெல்லிக்காய், கொய்யா போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யட்டும்.

காயவிட்டுப் பொருக்குத் தட்டவைப்பது

ஏற்கெனவே மந்தமாக நகரும் செல்களுக்கு வறண்ட பொருக்கு இன்னொரு தடை, அதன் அடியில் ஈரம் தேடிக் குடைந்து போக வேண்டியிருக்கும். 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளில் செய்த சோதனையில், மூடி ஈரம் காத்த காயங்களில் மேல்தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. சிறு சிராய்ப்பு என்றால் ஓடும் சுத்தமான நீரில் சில நிமிடம் கழுவி, வாசலின் மெல்லிதாகத் தடவி, ஒட்டாத பஞ்சுத்துணியால் மூடுங்கள். தினம் ஒருமுறை, அல்லது நனைந்ததும், மாற்றுங்கள். கட்டு ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள். அரை லிட்டர் கொதித்து ஆறிய நீரில் ஒரு தேக்கரண்டி உப்பைத் தலைதட்டிக் கரைத்து, அதில் ஊறவிட்டு எடுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடை தினமும் ஊற்றினால் கிருமியோடு புதுச் செல்களும் சாகும். காப்பித்தூள், சுண்ணாம்பு, சாம்பல் எதுவும் வேண்டாம். தையல் போட்ட புண்ணுக்கு மருத்துவர் சொன்ன முறைதான்.

வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வதும் வீரமல்ல. தீராத வலியே ஒரு மன அழுத்தம், அதுவும் கார்ட்டிசாலை ஏற்றும். எழுதிக்கொடுத்த வலி மாத்திரையை, வலி உச்சத்துக்கு ஏறும் முன், சொன்ன நேரத்தில் சாப்பிட வேண்டும்.

புகைபிடிப்பதால் ‘டென்ஷன் குறைகிறது’ என்பவர்களுக்கு: சுருங்கியிருக்கும் நுண்குழாய்களை நிகோட்டின் இன்னும் சுருக்கும்.

எல்லாவற்றுக்கும் டென்ஷன்தான் காரணம் என்பது

மன அழுத்தம் புண்ணைத் தாமதப்படுத்தும். ஆனால் இரண்டு வாரமாகியும் அளவில் மாற்றமே இல்லையென்றால் சர்க்கரை, ரத்த ஓட்டம், உள்ளே தங்கிய முள், அரிதாகப் புற்றுநோய் வரை பார்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவருக்குக் கவலைக் காலத்தில் சர்க்கரையே ஏறும், கார்ட்டிசாலும் அட்ரினலினும் கல்லீரலிலிருந்து அதை வெளியே தள்ளும். எனவே புண் இருக்கும் நாள்களில் வழக்கத்தைவிட அடிக்கடி அளவு பாருங்கள். கார்ட்டிசாலுக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது இதற்கு உதவாது. அதன் அளவு விடிகாலையில் உச்சம், நள்ளிரவில் அடிமட்டம். ஏதோ ஒரு நேரத்தில் எடுத்த ஒரு எண்ணை வைத்து மன அழுத்தத்தை அளக்க முடியாது.

நோயாளியிடம் ‘நீ கவலைப்படுறதாலதான் ஆறல’ என்று சொல்லவே சொல்லாதீர்கள். அது இன்னொரு கவலையை ஏற்றுவது. பராமரிப்பவரின் இரவு விழிப்பை இருவராகப் பிரித்துக்கொள்வதும், கட்டு மாற்றும் நேரத்தைத் தூக்கத்தைக் கெடுக்காமல் வைத்துக்கொள்வதும் உண்மையில் உதவும்.

வாரம் ஒருமுறை, ஒரே நாளில், புண்ணின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து தேதியோடு குறித்துவையுங்கள், பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு படமும் எடுங்கள். நீரிழிவுக் கால்புண் என்றால் முதல் நாளே மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிகிச்சை நடந்தும் நான்கு வாரத்தில் பரப்பு பாதியாகக் குறையவில்லையென்றால் சிகிச்சையை மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள். சுற்றிலும் சிவப்பு பரவினாலோ, நாற்றமோ காய்ச்சலோ வந்தாலோ, அந்த நான்கு வாரம் காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.